அமைதிக்கு அமைந்த மனை

லண்டன் மாநகரில் கிறிஸ்டோபர் ரென் தூய பவுல் பேராலயத்தை எழுப்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, அந்நகருக்கு வடமேற்கே பக்கிங்ஹாம்ஷயர் நாட்டுப்புறத்தில், 1688-ஆம் ஆண்டில், செங்கல்லால் ஆன சிறு வழிபாட்டு மனை ஒன்று எழுந்தது. குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சங்கத்தாரின் ஜார்டன்ஸ் கூட்டமனை அது. கோபுரம் இல்லை, மணி இல்லை, ஓடு வேய்ந்த சரிந்த கூரை மட்டுமே. 'இது பண்ணைவீடன்றோ, இதில் கட்டடக் கலை எங்கே?' என்று கேட்கத் தோன்றும். பண்ணைவீடு போன்றதுதான், ஆயினும் அதனைக் குறையாகக் கொள்வதற்கில்லை.

1664, 1670 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள், அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பாக, வீட்டாரன்றி ஐவர் கூடி வழிபடுவதையே குற்றமாக்கின. சிறையும் தண்டமும் கண்ட நண்பர்கள், அருகிலிருந்த ஜார்டன்ஸ் பண்ணைவீடு போன்ற இல்லங்களிலே கூடினர். 1687-இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் வழிபாட்டுரிமை அறிவித்தார். மறு ஆண்டே மனை எழுந்தது. உரிமை கிடைத்த பின்னும் ஆலய வடிவை நாடாது, அஞ்சிக் கூடிய நாளின் வீட்டு வடிவையே அவர்கள் ஏற்றனர். வறுமையின் எளிமையன்று இது, தெரிந்தெடுத்த எளிமை. காப்பாளர் குடியிருப்பும் அம்மனையோடு ஒட்டியே அமைந்துள்ளது.

உள்ளே செங்கல் தளம், வண்ணம் தீட்டாத மரப்பலகைச் சுவரணை, ஓவியமற்ற கண்ணாடிச் சாளரங்கள், மர இருக்கைகள். பலிபீடமும் இல்லை, பிரசங்க மேடையும் இல்லை. குருமார் இல்லாத வழிபாடு அது. அனைவரும் மௌனமாய் அமர்ந்திருப்பர். உள்ளம் உந்தப்பெற்றவர் எழுந்து பேசுவார். ஆதலின் கண்ணை ஓரிடத்துக்கு இழுக்கும் மையம் அக்கூடத்துக்குத் தேவைப்படவில்லை. மனிதர் முகமே அங்கு மனிதர் காணும் காட்சி.

எனினும், ஒன்றைச் சொல்லாதுவிடுதல் நேர்மையாகாது. அக்காலக் கூட்டமனைகளில் மூத்தோர்க்கும் வழக்கமாகப் பேசுவோர்க்கும் சற்றே உயர்த்திய இருக்கைகள் அமைப்பது பொதுவழக்கு. எல்லோரும் சமம் என்ற கொள்கை ஓரிரு படி உயரத்தில் தடுமாறிய இடம் இது. அவ்வுயரத்தை நான் பொருட்படுத்தாமல் விட விரும்பவில்லை.

வெளியே இடுகாடு. பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் 1718-இல் இங்கே அடக்கம் செய்யப்பெற்றார். கல்லறைக்குக் கல் நாட்டுவது வீண் பெருமை என்பது முன்னோர் எண்ணம். இன்றுள்ள சிறு கற்கள் 19-ஆம் நூற்றாண்டில் வந்தவை. வருவோர் பலர் தேடுவது அக்கற்களையே என்பது ஒரு வேடிக்கை.

2005 மார்ச்சில் மூண்ட தீயில் பழைய கூரை பெரும்பாலும் அழிந்தது. கீழிருந்த கூடம் தப்பியது. பின்னர்க் கூரை புதுப்பிக்கப்பட்டு, அவ்விருக்கைகளில் நண்பர்கள் மீண்டும் மௌனமாய் அமர்ந்தனர்.