பொறுப்பித்தல் என்னும் வினை

யுத்த காண்டத்தில், அசோகவனத்து ராக்ஷஸிகளைக் கொல்ல விடைகேட்ட திருவடியைப் பிராட்டி தடுத்தருளிய இடத்திற்கு, 'அவர்களைக் குற்றமற்றவர்களாகக் காட்டினாள்' என்று பொருள் உரைப்பாருளர். அது பொருந்தாது.

அரசன் ஏவலால் செய்தார்கள் என்று அவள் முதலில் அருளிச்செய்தது மெய்யே. அவ்வளவில் குற்றம் கழிந்ததாகில், அபராதம் செய்யாதார் எவருமிலர் என்று மேலும் அருளிச்செய்ய வேண்டுவதில்லை. இவ்வார்த்தை குற்றத்தை இசைந்துகொண்டே இரக்கத்தை வேண்டுகிறது. ஸ்ரீகுணரத்நகோசத்தில் பராசர பட்டரும் அவர்களை 'ஆர்த்ராபராத' என்னும் அடையிட்டே குறித்தார். ஈரம் உலராத, அதாவது அப்போதே செய்த குற்றத்தை உடையவர்கள் என்றபடி. குற்றமே இல்லையெனில் இவ்வடை வீணாம்.

ஆகவே இவ்விடத்திற்குத் தக்க வினை, நம் பூருவர்கள் ஆண்ட 'பொறுப்பித்தல்' என்பதே. பொறுத்தல் தன்வினை, பொறுப்பித்தல், தண்டிக்க உரியவனைப் பொறுக்கும்படி செய்கையாகிய பிறவினை. இரண்டுக்கும் குற்றம் உண்டென்பதே அடிநிலம். குற்றமற்றவனுக்கு நீதியே போதும், புருஷகாரம் மிகை. குற்றமுடையவனுக்கன்றோ பிராட்டி வேண்டும்! அவ்வினையை மாற்றியுரைத்தால் அவள் வழக்காடுபவள் ஆவாள். பட்டரோ அவளைத் தாயே என்று விளிக்கிறார். குற்றமே உருவான நமக்கு நிற்க நிழல் அவ்விளியிலேயே உள்ளது.