மைனஸ் எக்ஸும் மைனஸ் ஒய்யும்

லினக்ஸ் சர்வர்களுக்குப் பெரும்பாலும் திரை கிடையாது. எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய், கட்டளைகளைத் தட்டி, வேலை முடிந்ததும் வெளியே வருவதே வழக்கம். ஆனால் எல்லா வேலையும் கட்டளை வரியில் முடிந்துவிடாது. ஆரக்கிள் தரவுத்தளத்தை நிறுவ வரும் ஜாவா நிரல் பொத்தான்களோடு ஒரு சாளரத்தைத் திறக்கப் பார்க்கிறது. சில்லு வடிவமைப்புப் படிக்கும் மாணவர் கேடன்ஸ் மென்பொருளில் தன் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். ஆய்வு மாணவிக்கோ மேட்பிளாட்லிப் வரைந்த வளைகோட்டை ஒரு தடவை பார்த்தால் போதும். இவர்கள் எல்லோரும் கைவைப்பது எஸ்எஸ்எச் கட்டளையோடு சேரும் ஒரே எழுத்தில்தான்: மைனஸ் எக்ஸ். நிரல் தொலைவிலுள்ள சர்வரில் ஓடும். அதன் சாளரம் மட்டும் நம் திரையில் திறக்கும்.

இதைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் வரும் குறை, "ரொம்ப மெதுவு." உண்மைதான். ஆனால் மெதுவாக இருப்பது கண்ணுக்குத் தெரியும் குறை. பொறுக்க முடியாதவர் விட்டுவிட்டுப் போவார். கண்ணுக்குத் தெரியாத குறை ஒன்று இருக்கிறது. அதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

முதலில் இதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். எக்ஸ் சாளர முறை 1984இல் எம்ஐடியின் அதீனா திட்டத்தில் பிறந்தது. பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் அதன் தொடக்ககாலக் கர்த்தாக்கள். ஒரே வளாகத்தில் பல நிறுவனங்களின் கணினிகள். எந்தக் கணினியில் ஓடும் நிரலும் எந்த மேசையிலும் தெரிய வேண்டும் என்பது தேவை. அதனால் வரையும் நிரலையும் திரையையும் அடியோடு பிரித்துவிட்டார்கள். திரை, விசைப்பலகை, மவுஸ் மூன்றையும் ஆளும் எக்ஸ் சர்வர் நம் மேசையில் ஓடும். நிரல் எங்கிருந்தாலும் வலைவழியே வந்து, "இங்கே ஒரு கோடு, அங்கே இந்த எழுத்து" என்று அதனிடம் கேட்டு வரைந்துகொள்ளும். 1987இல் வந்த பதினோராம் பதிப்பான எக்ஸ்11தான் இன்றுவரை புழக்கத்தில் உள்ளது.

அந்தக் காலத்தில் இதெல்லாம் திறந்த வெளியில் நடந்தது. நம் கணினியில் எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் என்று அடித்துவிட்டு, டெல்நெட்டில் நுழைந்து, டிஸ்ப்ளே மாறியில் நம் கணினியின் பெயரை எழுதுவோம். அதன்பின் யார் வேண்டுமானாலும் நம் திரையில் வரையலாம். அடித்த எழுத்தெல்லாம், கடவுச்சொல் உட்பட, மறையாக்கம் இல்லாமல் கம்பியில் போனது. 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் கடவுச்சொற்களை யாரோ ஒட்டுக்கேட்ட பிறகுதான், அங்கிருந்த டாட்டு யூலோனென் எஸ்எஸ்எச்சை எழுதினார். எக்ஸ் சாளரங்களைச் சுமந்துவரும் வசதியையும் அதிலேயே சேர்த்திருந்தார்.

அது இயங்கும் விதம் அழகானது. நாம் நுழைந்ததும் தொலைவிலுள்ள எஸ்எஸ்எச் சர்வர் தன் கணினிக்குள்ளேயே ஒரு போலித் திரையை அமைக்கிறது. வழக்கமாக அதன் எண் 10, அதாவது 6010ஆம் போர்ட். நிரல் அதைத் திரையென்று நம்பி வரைகிறது. வரைந்தது அத்தனையும் ஏற்கெனவே திறந்திருக்கும் மறையாக்கப்பட்ட இணைப்பு வழியே நம்மிடம் வருகிறது. நம் திரைக்கான உண்மையான அனுமதிச்சாவியும் அங்கே போவதில்லை. எஸ்எஸ்எச் ஒரு போலிச்சாவியைச் செய்து அனுப்புகிறது. அதைக் காட்டிக்கொண்டு நிரல் வரும்போது, இந்தப் பக்கத்தில் அதைச் சரிபார்த்து உண்மைச்சாவியாக மாற்றித் தருகிறது. நம் பக்கம் புதிதாக எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டாம். சர்வரில் எக்ஸ்ஆத் என்ற சின்ன நிரலும் நிர்வாகியின் இசைவும் இருந்தால் போதும். முழு டெஸ்க்டாப் வேண்டாம். வந்த சாளரம் நம்முடைய மற்றச் சாளரங்களோடு ஒன்றாக உட்கார்ந்துகொள்கிறது. விஎன்சி போல இன்னொரு டெஸ்க்டாப்பை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கும் அவஸ்தை இல்லை. இவ்வளவு குறைந்த ஏற்பாட்டில் இவ்வளவு தரும் வசதி வேறெதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அந்த மந்தத்தைப் பார்ப்போம். பலர் இதை இணைப்பு வேகத்தின் குறையாக நினைக்கிறார்கள். பாதிதான் சரி. எக்ஸ் நிரல் தொடங்கும்போது திரையிடம் கேள்விமேல் கேள்வி கேட்கிறது; பல கேள்விகளுக்குப் பதில் வரும்வரை காத்து நிற்கிறது. ஒரே கட்டடத்துக்குள் ஒரு பதில் வர ஒரு மில்லிநொடிகூட ஆகாது. சென்னையிலிருந்து அமெரிக்கக் கிழக்குக் கரைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய 200 மில்லிநொடியோ அதற்கு மேலோ ஆகும். வரிசையாக நூறு கேள்வி என்றால் 20 நொடி. எவ்வளவு அகலமான இணைப்பு வாங்கினாலும் இந்த 20 நொடி குறையாது. மைனஸ் சி போட்டுச் சுருக்கினாலும் குறையாது. சுருக்குவது அளவைத்தான், தூரத்தை அல்ல.

மறுபாதி, நிரல்கள் மாறிப்போனது. கோடு வரை, எழுத்து எழுது என்று சொன்ன காலம் போய்விட்டது. இன்றைய ஜிடிகே, கியூடி நிரல்கள் பெரும்பாலும் தாங்களே முழுப் படத்தையும் வரைந்துவிட்டு, புள்ளிக்கூட்டமாகத் தள்ளுகின்றன. நினைவகத்தைப் பகிரும் குறுக்குவழி ஒரே கணினிக்குள்தான் பலிக்கும். வலைவழியே அத்தனை புள்ளியும் பயணம் செய்தாக வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள ஒரு திரையை ஒருமுறை நிரப்பவே 80 லட்சம் பைட்டுக்கு மேல். நொடிக்கு 30 முறை என்றால் ஏறத்தாழ 2 ஜிகாபிட். எக்ஸ்கிளாக்கும் எக்ஸ்டெர்மும் பறக்க, உலாவி மட்டும் தவழ்வது இதனால்தான். முப்பரிமாணம் இன்னும் மோசம்: வலைவழி ஓப்பன்ஜிஎல்லை எக்ஸ் சர்வரே 2015இலிருந்து இயல்பாக அணைத்து வைத்திருக்கிறது. இணைப்பு அறுந்தால் நிரலும் செத்துவிடும் என்பது வேறு. ஆரக்கிள் நிறுவல் பாதியில் இருக்கும்போது வைஃபை போனவர்களிடம் கேட்டால் தெரியும்.

இதெல்லாம் பொறுத்துக்கொள்ளக்கூடியவை. நான் சொல்லவந்த குறை நம்பிக்கை பற்றியது.

எஸ்எஸ்எச்சில் நாம் போய்ப் புகும் இடம் சர்வர். ஆபத்து என்றால் அதற்குத்தான் என்பது பொதுவான எண்ணம். மைனஸ் எக்ஸ் அந்தத் திசையைத் திருப்பிவிடுகிறது. தொலைவிலுள்ள நிரலுக்கு நம் திரையில் இடம் கொடுக்கிறோம். எக்ஸ்11இல் திரைக்குள் வந்துவிட்ட நிரல்களுக்கு இடையே சுவர் கிடையாது. ஒரு நிரல் மற்றொன்றின் சாளரத்தைப் படமெடுக்கலாம், விசைப்பலகையில் அடிப்பதை எல்லாம் கேட்கலாம், நாம் அடித்தது போலவே எழுத்துகளை அனுப்பலாம். 1980களின் வளாகத்தில் யாரும் யாரையும் சந்தேகிக்கவில்லை. அந்த நம்பிக்கை அப்படியே நெறிமுறைக்குள் உறைந்துவிட்டது. ஆகவே அந்தச் சர்வரை யாராவது கைப்பற்றியிருந்தால், அங்கே ரூட் உரிமை உள்ளவர் நம் போலிச்சாவியை எடுத்துக்கொண்டு நம் மேசைக்கு வரலாம். பக்கத்துச் சாளரத்தில் நாம் வங்கிக் கடவுச்சொல்லை அடிப்பது அவருக்குக் கேட்கும். இடையில் மறையாக்கம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயனில்லை. அது வழியைத்தான் காக்கும், இரு முனைகளை அல்ல.

இது தெரியாமல் யாரும் வடிவமைக்கவில்லை. மைனஸ் எக்ஸ் என்றால் நம்பாத நிரல்: மற்றச் சாளரங்களைத் தொட முடியாது, 20 நிமிடத்துக்குப் பின் புதிதாக எதுவும் நுழைய முடியாது. மைனஸ் ஒய் என்றால் முழு நம்பிக்கை. ஆனால் முதல் வகைக் கட்டுப்பாட்டில் பல நிரல்கள் கவிழ்ந்து விழுந்தன. அதனால் டெபியன் ஒரு முடிவெடுத்தது: இயல்பு அமைப்பில் மைனஸ் எக்ஸும் மைனஸ் ஒய் போலவே நடக்கும். உபுண்டுவும் அதைத் தொடர்கிறது. ரெட் ஹேட்டின் இயல்பு அமைப்பும் அதே. ஒய்யைத் தவிர்த்து எக்ஸ் போட்டேன், பாதுகாப்பாக இருக்கிறேன் என்று நினைக்கும் உபுண்டு பயனருக்கு இரண்டு எழுத்துக்கும் வேறுபாடே இல்லை. 2016இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2க்கு முன்னால் நிலைமை இன்னும் வேடிக்கை: நம் எக்ஸ் சர்வரில் கட்டுப்பாட்டு வசதி இல்லாவிட்டால், எஸ்எஸ்எச் முழு நம்பிக்கைக்கே தாவிவிடக்கூடிய ஓட்டை இருந்தது. டெபியன் செய்ததில் நியாயம் உண்டு. உடைந்த வசதியை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். ஆனாலும் எச்சரிக்கையை மேன் பக்கத்தில் எழுதிவிட்டு எழுத்தை மட்டும் அப்படியே விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை.

மாற்றுவழிகள் இல்லாமல் இல்லை. எக்ஸ்ப்ரா, இணைப்பு அறுந்தாலும் நிரலை உயிரோடு வைத்திருக்கும். எக்ஸ்2கோ, தூரத்துக்கென்றே சுருக்கங்களைக் கையாளும். வரைபடம் பார்க்க மட்டும் என்றால் ஜுபிட்டரைச் சர்வரில் ஓட்டி, ஒரு போர்ட்டை எஸ்எஸ்எச் வழியே உலாவிக்குக் கொண்டுவருவது எளிது. எக்ஸுக்கு மாற்றாக 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்டில் வலைவழி வரைவதே இல்லை. அதற்கு வேபைப் என்ற தனி நிரல் வேண்டும். ரெட் ஹேட் 10ஆம் பதிப்பில் பழைய எக்ஸ் சர்வரையே எடுத்துவிட்டார்கள். எக்ஸ் நிரல்களை வேலண்டுக்குள் ஓட்டும் எக்ஸ்வேலண்ட் மட்டும் மிச்சம்.

ஆனால் வேலண்ட் மேசையில் எக்ஸ்வேலண்ட் வழியாக மைனஸ் எக்ஸ் இன்னும் வேலை செய்கிறது, முன்பைவிடப் பாதுகாப்பாக. வலையைக் கைவிட்டது என்று நாம் திட்டும் வேலண்ட், தன் சாளரங்களில் அடிப்பதை எக்ஸ்வேலண்டுக்குச் சொல்வதில்லை. தொலைவிலிருந்து வரும் நிரல் ஒட்டுக்கேட்டாலும் மற்ற எக்ஸ் நிரல்களில் அடிப்பதைத்தான் கேட்கும். இன்னும் எக்ஸ் மேசையிலேயே இருப்பவர்கள் செஃபிர் என்ற உள்திரையைத் திறந்து, தொலைநிரல்களை அதற்குள் மட்டும் விடலாம்.

ஆக, ஒரே வளாகத்துக்குள், சின்ன நிரலுக்கு, நம் பொறுப்பிலுள்ள சர்வரிலிருந்து என்றால் மைனஸ் எக்ஸை மிஞ்ச ஆளில்லை. கடல்கடந்து உலாவியை இழுத்துப் பார்க்க அது உதவாது. பலர் ரூட் உரிமை வைத்திருக்கும் பொதுச் சர்வருக்கு அதைத் திறந்துவிடவே கூடாது. உங்கள் எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பை ஒருமுறை திறந்து பாருங்கள். எல்லா ஹோஸ்ட்டுக்கும் எக்ஸ்11ஐ அனுமதிக்கும் வரி அங்கே இருந்தால் அழித்துவிட்டு, தேவைப்படும் சர்வரின் பெயருக்குக் கீழே மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.