கமால்தோலி: துறவிகள் வளர்த்த காடும் கல்லில் சுட்ட தோர்தெல்லோவும்

ஃபிர் மரத்தின் ஊசியிலை ஒன்றைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் இரண்டு வெண்கோடுகள் ஓடும். கசக்கினால் எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் பிசின் மணம். தரையில் தேடினாலும் முழுக் காய் அகப்படுவது அபூர்வம். அது கிளையிலேயே நிமிர்ந்து நின்று, செதில் செதிலாக உதிர்ந்துவிடும்.

இத்தாலியில், டஸ்கனியின் கசென்தீனோ மலைப்பகுதியில் இருக்கிறது கமால்தோலி துறவு மடம். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புனித ரோமுவால்டு நிறுவியது. கீழே மடாலயம், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் அளவுக்கு ஏறினால், துறவிகளின் தனிக்குடில்கள். வழியெல்லாம் அந்த ஃபிர் மரக் காடு.

அந்தக் காட்டை ஒரு கைவேலையாகத்தான் நான் ரசிக்கிறேன். தன் போக்கில் விட்டிருந்தால் பீச் மரங்களும் ஃபிர்ரும் கலந்தே வளர்ந்திருக்கும். துறவிகள் ஃபிர்ரைத் தேர்ந்தெடுத்து நட்டார்கள். வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்கள். வெட்டும் பருவத்தைத் தாங்கள் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே நட்டார்கள். அதனால்தான் அடிமரங்கள் அத்தனை நேராக, நெருக்கமாக, கிளையில்லாமல் உயர்ந்து நிற்கின்றன. மாடுகள் இழுத்துவந்த மரங்கள் ஆர்னோ ஆற்றில் தெப்பமாக மிதந்து ஃபிளாரன்ஸ் போய்ச் சேர்ந்தன. 1866-இல் அரசு மடங்களின் சொத்துகளைக் கையகப்படுத்தியபோது காடும் கைமாறியது. இப்போது அது தேசியப் பூங்காவில் அடங்கியது. குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் உள்ள சாந்திவனம் ஆசிரமமும் இந்தக் கமால்தோலித் துறவிகளின் சபையைச் சேர்ந்ததுதான்.

ஏறி இறங்கினால் பசிக்கும். இந்த வட்டாரத்தில் கேட்க வேண்டியது தோர்தெல்லோ. மெல்லிய மாவுக்குள் உருளைக்கிழங்கு மசியலை வைத்து மடித்தது. வெந்நீரில் வேகவைத்து, இறைச்சிக் குழம்பு ஊற்றித் தருவது ஒரு வகை. கொரெட்ஸோ கிராமத்தார் செய்வது வேறு: நெருப்பில் காய்ந்த மணற்பாறைப் பலகையில், நம் தோசைக்கல்லில் போடுவதுபோல, இரண்டு பக்கமும் சுடுகிறார்கள். அங்கங்கே கரும்புள்ளி விழுந்து மாவு மொறுமொறுப்பாகும். உள்ளே கிழங்கு குழைவாகவே இருக்கும். கையில் எடுத்துச் சூட்டோடு தின்ன வேண்டும்.

கூடவே வரும் டஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. முதல் வாய் சப்பென்றிருக்கும். மேலே ஒரு துண்டு கசென்தீனோ புரோஷுட்டோவை வைத்துக் கடியுங்கள். உப்பில் பதப்படுத்திய அந்தப் பன்றித்தொடை இறைச்சிக்கு இந்த ரொட்டியைவிடப் பொருத்தமான துணை இல்லை. எனக்கோ இரண்டு தோர்தெல்லோவில் கல்லில் சுட்டதுதான் உசத்தி. குழம்பு ஊற்றியதும் கிழங்கின் ருசி பின்னுக்குப் போய்விடுகிறது.