ஐயத்தின் மறுபுறம்

அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1984இல் வெளியிட்ட 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' விளையாட்டரங்குகளை நிரப்பிய இசைத்தொகுப்பு. 1987 அக்டோபரில் வந்த 'டனல் ஆஃப் லவ்' வீட்டறையில் அமர்ந்து தாழ்ந்த குரலில் பேசுகிறது. அவருடைய ஈ ஸ்ட்ரீட் குழுவினர் ஆங்காங்கே வந்து போகின்றனர். பெரும்பாலான கருவிகளைத் தாமே இசைத்து வீட்டிலேயே பதிவு செய்தார். மின்னணுத் தாளம் சில இடங்களில் வறண்டு ஒலிப்பது உண்மைதான். ஆயினும் மெட்டுகள் எளியவை. முதன்முறை கேட்கையிலேயே மனத்தில் தங்குபவை.

1985இல் மணமுடித்தவர் அவர். அம்மணவாழ்வு 1989இல் முறிந்தது. எனினும் மனைவியைக் குற்றக்கூண்டில் ஏற்றும் தொகுப்பன்று இது. 'பிரில்லியண்ட் டிஸ்கைஸ்' பாடலில், மனைவி காட்டும் முகம் மெய்யா வேடமா என ஐயுறும் கணவன், பாடல் முடியுமுன் அதே ஐயத்தைத் தன்மேல் திருப்பிக்கொள்கிறான். ஃப்ரீஹோல்டு நகரின் கத்தோலிக்கப் பள்ளியில் பயின்றவர் ஸ்பிரிங்ஸ்டீன். ஒப்புரவுக்குமுன் தன்னையே கேட்டுப் பார்க்கும் பழக்கத்தை நாமும் அறிவோம். பிறர் குற்றத்தைச் சொல்லித் தப்பும் பழக்கத்தையுந்தான்!

'காஷியஸ் மேன்' இன்னும் ஆழமானது. ஒரு கையில் அன்பு, மறுகையில் அச்சம் எனப் பச்சை குத்திய பில் ஹார்ட்டன், நள்ளிரவில் மனைவியை விட்டு நெடுஞ்சாலைக்குச் செல்கிறான். அங்கே சாலையன்றி வேறொன்றுமில்லை. அதே சாலையை விடுதலையென்று இளமையில் பாடியவரின் பாட்டன்றோ இது! அவன் திரும்பி வந்து, உறங்கும் மனைவியின் முகத்தில் விழுந்த கூந்தலை ஒதுக்குகிறான். அச்சம் நீங்கிற்றெனப் பாடல் சொல்லவில்லை.