பதக்கம் ஓரிடம், பாடு ஓரிடம்

பிரிட்டன் சைக்கிள் விளையாட்டில் எழுந்து நின்ற கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மான்செஸ்டரிலிருந்தே தொடங்குவார்கள். 1994-இல் அங்கே உள்ளரங்கச் சைக்கிள் பந்தயத் தடமான வெலோட்ரோம் திறக்கப்பட்டது. 1997 முதல் தேசிய லாட்டரிப் பணம் வரத் தொடங்கியது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இரண்டே வெண்கலத்துடன் திரும்பிய அணி, 2008 பெய்ஜிங்கில் எட்டுத் தங்கம் வென்றது. 2012 லண்டனில் மறுபடியும் எட்டு. இதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை. ஆனால் கதை அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 2018-இல் டூர் டி பிரான்ஸ் வென்ற ஜெரைன்ட் தாமஸ், ஒலிம்பிக் தங்கம் வென்ற எலினர் பார்க்கர், முன்னாள் தொழில்முறை வீரர் லூக் ரோ ஆகிய மூவரும் கார்டிஃப் நகரில் மெய்ண்டி ஃப்ளையர்ஸ் என்ற ஒரே சிறுவர் கிளப்பிலிருந்து வந்தவர்கள். 1958 காமன்வெல்த் விளையாட்டுக்குப் பயன்பட்ட பழைய திறந்தவெளித் தடம்தான் அவர்களுடைய பள்ளிக்கூடம். ஒலிம்பிக் வீராங்கனை லாரா கென்னி வெல்வின் வீலர்ஸ் கிளப்பின் பிள்ளை. 2012-இல் டூர் வென்ற பிராட்லி விக்கின்ஸ் தெற்கு லண்டனின் ஹெர்ன் ஹில்லில் தொடங்கியவர். இந்த இடங்களிலெல்லாம் குழந்தைகளைச் சுற்றவிட்டு நேரம் குறித்தவர்கள் சம்பளம் வாங்காதவர்கள்.

அந்தக் கிளப்புகளுக்கு ‘பிரிட்டிஷ் சைக்கிளிங்’ என்ற தேசிய அமைப்பு என்ன செய்கிறது, என்ன செய்யத் தவறுகிறது என்பதே இங்கே பேச்சு. என் கணிப்பு இது: கிளப்பின் ஆபத்தை அந்த அமைப்பு தன் தோளில் ஏற்றுக்கொண்டிருக்கிறது, கிளப்பின் உழைப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. முதலாவதைச் சிறப்பாகவே செய்கிறது. அதனாலேயே இரண்டாவது வெளியே தெரியாமல் போகிறது.

ஆபத்தை ஏற்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது பழைய வரலாறு தெரிந்தவர்களுக்குப் புரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அன்றைய தேசியச் சங்கமான நேஷனல் சைக்ளிஸ்ட்ஸ் யூனியன், பொதுச்சாலைகளில் கூட்டமாகப் பந்தயம் ஓட்டுவதையே தடைசெய்தது. காவல்துறையும் அரசும் கோபப்பட்டுச் சைக்கிளையே சாலையிலிருந்து விரட்டிவிடும் என்ற பயம். பந்தயக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு, விடியற்காலையில், கவனத்தை ஈர்க்காத கறுப்பு உடையில் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிட்டார்கள். 1942 ஜூனில் பெர்சி ஸ்டாலர்டு என்பவர் லாங்கோலனிலிருந்து வுல்வர்ஹாம்டன் வரை கூட்டப் பந்தயம் ஒன்றை நடத்திக் காட்டினார். சங்கம் அவரையும் அவரோடு நின்றவர்களையும் விலக்கியது. அவர்கள் தனியாக ஒரு லீக் தொடங்கினார்கள். இரண்டு தரப்புக்கும் நடந்த பகை 1959-இல் இரண்டும் இணைந்தபோதுதான் ஓய்ந்தது. அந்த இணைப்பில் பிறந்ததே இன்றைய பிரிட்டிஷ் சைக்கிளிங். ஆபத்துக்குப் பயந்து தன் கிளப்புகளையே தண்டித்த சங்கத்தின் வாரிசு, இன்று அதே கிளப்புகளுக்குக் காப்பீடு கொடுத்து நிற்கிறது. இது சின்ன மாற்றமல்ல.

ஒரு கிளப் இணைப்புக் கட்டணம் கட்டிப் பதிவுசெய்தால், அதன் நடவடிக்கைகளுக்குப் பொறுப்புக் காப்பீடு கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சவாரியில் யாரோ ஒருவர் பாதசாரியை இடித்துவிட்டால் கிளப் செயலாளர் தன் வீட்டை விற்க வேண்டியதில்லை. ‘கோ-ரைடு’ என்ற சிறுவர் திட்டத்தில் சேரும் கிளப்புக்குப் பயிற்சியாளர் சான்றிதழ் வகுப்புகள், குழந்தைப் பாதுகாப்பு அலுவலரை நியமிப்பதற்கான வழிமுறை, பயிற்சியாளர்களின் பின்னணிச் சோதனை எல்லாம் ஒழுங்காக அமைகின்றன. குழந்தைகளைப் பெரியவர்களிடம் ஒப்படைக்கும் எந்த விளையாட்டிலும் இது தவிர்க்க முடியாத வேலி. இருபது பேர் கொண்ட கிராமத்துக் கிளப் இதையெல்லாம் தானே எழுதி உருவாக்கிக்கொள்ள முடியாது. சாலைப் பந்தயங்களில் போக்குவரத்தை நிறுத்தும் அதிகாரமும் அப்படித்தான். முன்பு அதற்குக் காவலர் வேண்டும். காவலருக்குப் பணம் வேண்டும். பயிற்சி பெற்ற தன்னார்வலரே வண்டிகளை நிறுத்தலாம் என்ற அங்கீகாரம், அரசோடும் காவல்துறையோடும் பல ஆண்டுகள் பேசி வாங்கப்பட்டது. எந்தத் தனிக் கிளப்பும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க முடியாது. ஆனாலும் அங்கீகாரம் தருவது அந்தந்த வட்டாரக் காவல்துறையின் கையில் இருப்பதால், ஒரு மாவட்டத்தில் எளிதாக நடப்பது அடுத்த மாவட்டத்தில் இழுபறியாகிறது.

இனி உழைப்பு. ஒரு கிளப் வருடத்துக்கு ஒரு சாலைப் பந்தயம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பாதையைத் தேர்ந்து, காவல்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்து, உள்ளாட்சி நெடுஞ்சாலைத் துறையிடம் பேசி, ஆபத்து மதிப்பீடு எழுதி, எச்சரிக்கைப் பலகைகள் கொண்டுவந்து நட்டு, ஒவ்வொரு சந்திப்புக்கும் ஆள் பிடித்து, முதலுதவிக்காரர், முன்வண்டி, பின்வண்டி, மோட்டார்சைக்கிள் துணை எல்லாம் ஏற்பாடு செய்து, பதிவுக்கும் தேநீருக்கும் ஊர்ப் பொதுக்கூடத்தை வாடகைக்கு எடுத்து, மாலையில் பலகைகளைப் பிடுங்கி, இரவில் முடிவுகளைப் பதிவேற்ற வேண்டும். இத்தனையையும் வேலைக்குப் போய்வருகிற இரண்டு மூன்று பேர் மாலை நேரங்களில் செய்கிறார்கள். அதன் பிறகு, கலந்துகொள்ளும் ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று தேசிய அமைப்புக்கு வரி கட்டுகிறார்கள். நடுவர்களும் பெரும்பாலும் தன்னார்வலர்களே. பாதுகாப்பு விதிகள் கூடக்கூட, நியாயமாகத்தான் கூடுகின்றன, காகிதமும் கூடுகிறது. விதியை எழுதுகிறவருக்கு அது சம்பள வேலை. நிறைவேற்றுகிறவருக்கு அது உறங்கும் நேரம். கிளப் பந்தயத்தைப் பல காலம் தூக்கிச் சுமந்தவர் ஓய்வுபெறும்போது அந்தப் பந்தயமும் அவரோடு நாட்காட்டியிலிருந்து மறைந்துவிடுவது இதனால்தான்.

இதற்கு எதிர்ப்புறத்தில் ஒரு காட்சி. 2024 தொடக்கத்தில், டூர் ஆஃப் பிரிட்டன் பந்தயத்தை நடத்திவந்த தனியார் நிறுவனம் நொடித்துப்போனது. ஆண்கள் பந்தயம், பெண்கள் பந்தயம் இரண்டும் அந்த ஆண்டு நடக்குமா என்பதே கேள்வியாக இருந்தது. பிரிட்டிஷ் சைக்கிளிங் சில மாதங்களுக்குள் தானே நிகழ்ச்சிப் பிரிவு அமைத்து இரண்டையும் நடத்தியது. பாராட்ட வேண்டிய வேகம். குறிப்பாகப் பெண்கள் பந்தயம் முந்தைய ஆண்டு நடக்கவே இல்லை என்பதை நினைத்தால். மனமிருந்தால் இந்த அமைப்பால் பந்தயம் நடத்தும் உழைப்பையே ஏற்க முடியும் என்று அது நிரூபித்துவிட்டது. அந்தக் கை உச்சிப் பந்தயத்துக்கு நீள்கிறது, ஊர்ப் பந்தயத்துக்கு நீள்வதில்லை.

உறுப்பினர் கணக்கிலும் இதே பிளவு உண்டு. விக்கின்ஸ் டூர் வென்ற 2012-க்குப் பின் கூட்டம் பெருகி, 2014-இல் தனிநபர் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. தனக்கென விபத்துப் பொறுப்புக் காப்பீடும் சட்ட உதவியும் வேண்டும் என்பவர் எந்தக் கிளப்பிலும் சேராமலே உறுப்பினர் ஆகலாம். கட்டணம் நேரே மான்செஸ்டரிலுள்ள தலைமையகத்துக்குப் போகிறது. சைக்கிள் ஓட்டுகிறவரை அமைப்பு வாடிக்கையாளராகப் பார்க்கத் தொடங்கினால், கிளப்பே தேவையில்லாத இடைத்தட்டாகிவிடும். வாடிக்கையாளர் அலை இறங்கும்போது போய்விடுவார். கிளப்காரர் மழையிலும் பலகை நடுவார். வருமானத்துக்கு முன்னவரையும் உழைப்புக்குப் பின்னவரையும் நம்பியிருப்பது நெடுநாள் தாங்காத ஏற்பாடு.

இங்கே கிளப்புகளின் பக்கமும் குறை உண்டு, அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. 2011-இல் பெண்களுக்காக மட்டும் ‘ப்ரீஸ்’ என்ற இலவசக் கூட்டுச் சவாரித் திட்டத்தைத் தேசிய அமைப்பு தொடங்கியது. பயிற்சி பெற்ற பெண் தன்னார்வலர்கள் வழிநடத்தினார்கள். வேகத்துக்குப் பயந்தோ ஆண் கூட்டத்துக்குக் கூச்சப்பட்டோ கிளப் வாசலை மிதிக்காத பெண்கள் அதில் சைக்கிளேறினார்கள். கிளப்புகள் தாமாகவே கதவைத் திறந்துவைத்திருந்தால் இப்படியொரு தனி வழி தேவைப்பட்டிருக்காது. 1967-இல் 12 மணி நேரத்தில் 277 மைலுக்கு மேல் ஓட்டி ஆண்களின் சாதனையையும் கடந்த பெரில் பர்ட்டன், யார்க்ஷயரின் மார்லி கிளப்பைச் சேர்ந்தவர். அந்த மரபுள்ள நாட்டில் பெண்கள் கிளப்புக்குக் கூச்சப்படும் நிலை வந்திருக்க வேண்டாம். இந்த இடத்தில் தேசிய அமைப்பு கிளப்பைத் தாண்டிப் போனது சரியே. அந்தப் பெண்கள் தங்கள் ஊர்க் கிளப்போடு சேர ஒரு பாலமும் கூடவே கட்டியிருக்கலாம்.

தடங்கள் விஷயத்தில் கணக்கு இரண்டு பக்கமும் நிற்கிறது. கிழக்கு லண்டனின் ஈஸ்ட்வே என்ற மூடிய சைக்கிள் சுற்றுப்பாதை 1975 முதல் கிளப்புகளின் வாராந்தரப் பந்தயக் களம். ஒலிம்பிக் பூங்காவுக்காக 2006-இல் அது மூடப்பட்டது. கிளப்காரர்கள் விடாமல் போராடியதால் ஹெய்னால்ட் பக்கம் மாற்றுத் தடம் 2008-இல் கிடைத்தது. ஒலிம்பிக் வெலோட்ரோம் வளாகம் பொதுமக்களுக்குத் திறந்தது 2014-இல். பதக்க மேடைக்காக அடித்தளம் இடம்பெயர்ந்து காத்திருந்தது. ஹெர்ன் ஹில்லில் நிலைமை தலைகீழ். 1891-இல் திறந்து 1948 ஒலிம்பிக்கைக் கண்ட அந்தத் தடம் குத்தகைச் சிக்கலில் மூடப்படும் நிலைக்கு வந்தபோது, கிளப் தன்னார்வலர்கள் உயிரோடு காத்தார்கள். தேசிய அமைப்பு குத்தகைக்குப் பொறுப்பேற்றுக் கை கொடுத்தது. 2011-இல் தளம் புதுப்பிக்கப்பட்டது. 2019-இல் அரசோடும் ஸ்போர்ட் இங்கிலாந்தோடும் சேர்ந்து 1.5 கோடி பவுண்டில் உள்ளூர்த் தடங்களுக்கான நிதித்திட்டமும் வந்தது. இந்த அமைப்பு செய்தவற்றுள் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான்.

கிளப்புகளின் குரல் எங்கே கேட்கிறது? வட்டாரப் பிரதிநிதிகள் கூடும் தேசிய அவை ஒன்று இருக்கிறது. 2017-இல், ஒலிம்பிக் அணிக்குள் நிலவிய அதிகார மிரட்டல் சூழலைப் பற்றிய விசாரணை அறிக்கை வெளியான அதே கோடையில், நிர்வாகக் குழுவில் வெளியாட்களுக்குக் கூடுதல் இடம் தரும் திருத்தத்தை அந்த அவை ஏற்க வேண்டியிருந்தது. ஏற்காவிட்டால் பொதுப்பணம் நின்றுபோகும் நிலை. திருத்தம் தேவையானதுதான். ஆனால் தவறு நடந்தது பதக்கப் பிரிவில். குரல் சுருங்கியதோ கிளப்புகளுக்கு. 2022-இல் ஷெல் எண்ணெய் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தபோது உறுப்பினர்களிடமிருந்து எழுந்த எதிர்ப்பு, அந்தச் சுருங்கலின் விளைவாகவே எனக்குப் படுகிறது.

செய்யக்கூடியவை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. பந்தய வரியின் ஒரு பகுதியைக் கொண்டு ஒவ்வொரு வட்டாரத்திலும் சம்பளம் வாங்கும் ஓர் ஏற்பாட்டாளரை வைக்கலாம். காவல்துறைக் கடிதமும் ஆபத்து மதிப்பீடும் பலகைகளும் அவருடைய பொறுப்பு. பாதையும் ஆட்களும் கிளப்பின் பொறுப்பு. கிளப் வழியாகச் சேரும் உறுப்பினரின் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தக் கிளப்புக்கே திருப்பலாம். கால்பந்தில் இளம் வீரரை வளர்த்த சிறு கிளப்புக்குப் பின்னாளில் ஈட்டுத்தொகை போய்ச்சேர உலக அளவில் விதி இருக்கிறது. பதின்ம வயதில் தேசியப் பயிற்சிக்கு எடுக்கப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஈடாக, வளர்த்த கிளப்புக்கு ஒரு பயிற்சியாளரின் சான்றிதழ்ச் செலவையாவது தேசிய அமைப்பு ஏற்கலாம். மெய்ண்டி போன்ற ஒரு கிளப்புக்கு அந்தத் தொகை அடுத்த ஆண்டு இன்னும் ஒரு சிறுவர் குழுவைத் தொடங்கப் போதும்.