காண்போர் கருத்தும் மெய்ப்பாடும்: இசை, அசைவூட்டம், போர் சார்ந்த திரைப்படங்களை முன்வைத்து

முன்னுரை

மலேசியத் தமிழர் வாழ்வில் திரைப்படம் பெற்றுள்ள இடத்தை விளக்கத் தேவையில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவின் கடைத்தெருவில் சற்று நேரம் நின்றால் போதும். காய்கறி வாங்குவோரும் பூமாலை தொடுப்போரும் அண்மையில் கண்ட படத்தைப் பற்றிக் கருத்துரைப்பதைக் கேட்கலாம். எனினும் நம் திறனாய்வு இக்கருத்துகளைப் பெரும்பாலும் பொருட்படுத்தியதில்லை. கதை, பாத்திரப் படைப்பு, சமுதாயச் சிந்தனை முதலிய தலைப்புகளில் திரைப்படத்தை ஆராயும் கட்டுரைகள் பல உள்ளன. கண்டவர் என்ன உணர்ந்தார், எதனால் உணர்ந்தார் என வினவுவன மிகச் சிலவே.

இசை, அசைவூட்டம், போர் ஆகிய மூன்றையும் சார்ந்த சில படங்களை எடுத்துக்கொண்டு, காண்போர் கருத்து எவ்வாறு உருவாகின்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. இம்மூன்றையும் ஒருங்கே நோக்குவதற்குக் காரணம் உண்டு. இசைப்படத்தில் வாசிப்பதாகத் தோன்றும் நடிகர் வாசிப்பதில்லை. அசைவூட்டப் படத்தில் திரையில் நிற்கும் உடல் மனித உடலன்று. போர்ப்படத்தில் வீழ்பவர் மடிவதில்லை. திரையில் தெரிவது மெய்யன்று என்பதைக் காண்போர் முன்னரே அறிவர். அறிந்தும் நெகிழ்கின்றனர், சில வேளைகளில் அறிந்த காரணத்தாலேயே மறுக்கின்றனர். இந்நெகிழ்ச்சிக்கும் மறுப்புக்கும் அடிப்படை யாது என்பதே ஈண்டு எழுப்பப்படும் வினா.

மெய்ப்பாடும் காண்போரும்

இவ்வினா தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஆறாவது இயலான மெய்ப்பாட்டியல், நகை முதல் உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் தோன்றும் என்கிறது. இவ்வியலுக்கு உரைகண்ட இளம்பூரணர், செயிற்றியனாரின் கருத்தொன்றை எடுத்துக்காட்டுகிறார். நிகழ்த்துபவன் வெளிப்படுத்தும் உணர்வு காண்பவரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்பது அதன் சாரம். அதாவது, உணர்வு அரங்கில் தொடங்கிக் காண்பவரிடத்தில் நிறைவு பெறுகின்றது. இக்கோட்பாட்டை ஏற்போமாயின், காண்போர் கருத்து என்பது படைப்புக்குப் புறம்பான செய்தியன்று. படைப்பின் கடைசிப் பகுதி எனலாம்.

நன்று, தீது என்னும் தீர்ப்போடு நிற்கும் கருத்தால் திறனாய்வுக்குப் பயனில்லை. எந்த நிலைக்களனில் எந்த மெய்ப்பாடு தோன்றிற்று என்று சுட்டத் தெரிந்த கருத்தே பயன்படும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மூவகைப் படங்களையும் நோக்குவோம்.

இசைப்படம்: கல்வியால் தோன்றும் பெருமிதம்

ஏ. பி. நாகராசன் இயக்கி 1968இல் வெளிவந்த 'தில்லானா மோகனாம்பாள்', கொத்தமங்கலம் சுப்புவின் தொடர்கதையைத் தழுவியது. நாதசுரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசன் நடித்தார். காதில் விழும் நாதசுரமோ மதுரை சகோதரர்களான எம். பி. என். சேதுராமன், பொன்னுசாமி ஆகியோருடையது. இதனை அறிந்த முதியோரும் அப்படத்தைப் பேசும்போது 'சிவாஜி வாசித்த நாதசுரம்' என்றே இன்றளவும் கூறுகின்றனர். இதனை அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. கன்னம் உப்புவதும், கழுத்து நரம்பு புடைப்பதும், சீவாளியை வாயினின்று எடுத்துவிட்டு அவையை நோக்கும் பார்வையும் நாதசுரக்காரரை நேரில் கண்டு பழகியவருக்கு ஐயம் எழாதவாறு அமைந்துள்ளன. கோயில் விழாக்களில் நாதசுரம் கேட்டு வளர்ந்த கண்ணும் செவியும் அந்நடிப்புக்குச் சான்றளிக்கின்றன.

தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறும் நிலைக்களன்கள் கல்வி, தறுகண், புகழ், கொடை என்பன. வாணவெடி ஓசையால் தன் வாசிப்பு தடைபட்டதும் கச்சேரியை நிறுத்திவிடும் சண்முகசுந்தரத்தின் சினம், உண்மையில் கல்வியால் தோன்றிய பெருமிதமே. கையில் காயமுற்று மீண்டு வாசிக்கும் அவரை, மோகனாம்பாள் ஆடலின் ஊடே நலம் வினவும் காட்சியில் இப்பெருமிதம் உருகி அழுகையாகின்றது. படம் கண்டோர் அக்காட்சியையே பெரிதும் நினைவுகூர்வது இதனால்தான்.

பினாங்கில் 1929இல் பிறந்த பி. ரம்லி இயக்கி நடித்த 'இபு மெர்துவாகு' 1962இல் வெளிவந்தது. இசைக்கலைஞன் என்ற ஒரே காரணத்திற்காக மருமகனை இகழும் மாமியாரின் கதை அது. மலாய் மக்களோடு நம் மக்களும் அதனைத் தம் படமாகவே கருதிப் பார்த்துள்ளனர். ஒன்றில் நாதசுரம், மற்றொன்றில் சாக்சபோன். இரண்டிலும் வினா ஒன்றே: கலையைக் கற்றவனுக்குச் சமுதாயத்தில் மதிப்பு உண்டா? மொழி வேறாயினும் மெய்ப்பாட்டின் நிலைக்களன் ஒன்றாக இருப்பதால், காண்போர் எளிதில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றனர்.

அசைவூட்டம்: மருட்கையும் அதற்கப்பாலும்

சௌந்தர்யா அஸ்வின் இயக்கத்தில் 2014இல் வெளியான 'கோச்சடையான்', நடிகரின் அசைவுகளைக் கருவிகளால் பதிவுசெய்து கணினி உருவங்களுக்கு ஏற்றும் முறையில் உருவானது. ரஜினிகாந்தின் குரலும் அசைவும் அவருடையன, உடல் கணினியினுடையது. 'தில்லானா மோகனாம்பா'ளில் நடிகரின் உடலோடு பிறர் இசை இணைந்தது போல, இங்கும் இரு கூறுகள் இணைந்துள்ளன. முன்னதை ஏற்ற காண்போருள் பலர் பின்னதை ஏற்கவில்லை. முகம் பொம்மைபோல் உள்ளது, கண்ணில் உயிரில்லை என்பனவே அப்போது பரவலாகக் கேட்ட குறைகள்.

இக்குறையைத் தொழில்நுட்பப் பற்றாக்குறை என்று மட்டும் விளக்குவது போதாது. மருட்கை, அதாவது வியப்பு, தோன்றும் நிலைக்களன்களுள் முதலாவது புதுமை. 'கோச்சடையான்' இப்புதுமையால் மருட்கையை எழுப்ப முனைந்தது. 'தில்லானா மோகனாம்பா'ளில் வைத்தியாக நடித்துப் பெயர்பெற்ற நாகேஷ் 2009இல் காலமானவர். அவரையும் இப்படம் கணினியால் மீட்டுருவாக்கியது. அவர் திரையில் தோன்றியதும் எழுந்த மகிழ்ச்சி, பழகிய ஒருவரை மீண்டும் கண்ட மகிழ்ச்சி. ஆயின் புதுமையால் தோன்றும் வியப்பு நெடுநேரம் நிலைப்பதன்று. அது தணிந்தபின் வேறொரு மெய்ப்பாட்டைப் படம் எழுப்ப வேண்டும். உண்மை உருவத்தை அப்படியே ஒத்திருப்பதாக உரிமை கொண்டாடும் படத்தில், காண்போர் ஒப்புமையைச் சோதிப்பதிலேயே ஈடுபடுகின்றனர். உணர்வு வந்து சேர இடம் கிடைப்பதில்லை.

இதற்கு மாறாக அமைந்தது, இசாவோ தகாஹதா இயக்கி ஜிப்லி நிறுவனம் 1988இல் வெளியிட்ட 'மின்மினிகளின் கல்லறை'. அகியுகி நோசாகா 1967இல் எழுதிய கதையைத் தழுவிய இப்படம், 1945இல் கோபே நகரம் குண்டுவீச்சால் எரிந்தபின் தாயை இழந்து பசியால் மடியும் அண்ணன் தங்கையரைப் பற்றியது. கையால் வரைந்த எளிய கோடுகளே அக்குழந்தைகள். அக்கோடுகள் உண்மை உருவமென உரிமை கொண்டாடவில்லை. நோயுற்ற தங்கை மண்ணை உருட்டிச் சோற்றுருண்டை என அண்ணனுக்கு அளிக்கும் போது, காண்போர் கண்ணீரைத் தடுக்க இயலாமல் தவிக்கின்றனர். இகழப்படுதல், இழத்தல், நிலைதாழ்தல், வறுமை எனத் தொல்காப்பியர் அழுகைக்கு வகுத்த நிலைக்களன்கள் நான்கும் இப்படத்தில் ஒருசேர அமைந்துள்ளன. உருவ ஒப்புமையைக் காட்டிலும் சிறுசெயலின் மெய்ம்மையே காண்போரை வெல்கின்றது என்பது இவ்விரு படங்களையும் ஒப்பிடுவதால் பெறப்படும்.

படைத்தவர் கூற்றும் கண்டவர் கூற்றும்

'மின்மினிகளின் கல்லறை' போர் எதிர்ப்புப் படம் என்பதே உலகெங்கும் அதனைக் கண்டோரின் பொதுக் கருத்து. தகாஹதா இதனை ஏற்கவில்லை. தம் படம் அந்நோக்கில் எடுக்கப்பட்டதன்று எனப் பலமுறை கூறினார். 1945 ஜூனில் ஒகயாமா நகரம் தாக்கப்பட்டபோது, ஒன்பது வயதுச் சிறுவனாகத் தீக்குள் ஓடித் தப்பியவர் அவர். துன்பத்தைக் காட்டுவது மட்டும் அடுத்த போரைத் தடுத்துவிடாது என்பது அவர் எண்ணம். படைத்தவரின் மறுப்பு கண்டவரின் கருத்தைப் பொய்யாக்குமா? செயிற்றியனார் வழிநின்று நோக்கின் பொய்யாக்காது. காண்போர் தத்தம் நினைவோடு படத்துக்கு வருகின்றனர். மெய்ப்பாடு அந்நினைவில் பட்டே நிறைவு பெறுகின்றது.

இதற்கு என் வகுப்பறையிலேயே சான்று கிடைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை பயின்ற தமிழாசிரியர் ஒருவர், செபராங் பிறைத் தோட்டமொன்றில் பிறந்து, தொண்ணூறை நெருங்கியிருந்த தம் பாட்டியுடன் இப்படத்தைக் கண்டார். ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கு உண்டு வளர்ந்த அம்மூதாட்டி, ஜப்பானியப் பிள்ளைகளுமா பட்டினி கிடந்தார்கள் என்று வியந்தாராம். பின்னர் நெடுநேரம் பேசவில்லையாம். மாணவர் தம் ஒப்படைப்பில் இதனை ஒரு வரியில் எழுதிக் கடந்து சென்றிருந்தார். அப்படத்தைப் பற்றி நான் படித்த திறனாய்வுகளுள் அவ்வொரு வரிக்கு ஈடானது குறைவு. பகைவரெனக் கருதியவர் வீட்டிலும் பசி இருந்தது என்னும் அறிவு, அழுகையையும் மருட்கையையும் ஒருங்கே எழுப்பியுள்ளது.

போர்ப்படம்: திரையில் இல்லாதவர்

டேவிட் லீன் இயக்கிய 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' 1957இல், மலாயா விடுதலை பெற்ற அதே ஆண்டில், வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளைப் பெற்றது. இலங்கையில் படமாக்கப்பட்ட இப்படம், சயாம்–பர்மா ரயில்பாதையில் பிரிட்டிஷ் போர்க்கைதிகள் பாலம் கட்டுவதைச் சித்திரிக்கின்றது. உண்மையில் அவ்விடத்திலிருந்து மீண்ட முன்னாள் கைதிகள் பலர் படத்தைக் கடுமையாக மறுத்தனர். தமார்கான் முகாமில் தம் அதிகாரியாக இருந்த பிலிப் டூசி, படத்தின் நாயகனைப் போலப் பகைவர்க்கு விரும்பி உதவியவரல்லர் என்பது அவர்தம் வாதம். இன்று இப்படத்தைப் பற்றி எழுதும் எவரும் அம்மறுப்பைக் குறிப்பிடாமல் விடுவதில்லை. காண்போர் கருத்து திறனாய்வின் பகுதியாக மாறியதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

ஆயின் 415 கிலோமீட்டர் நீண்ட அப்பாதையை அமைத்தவர் போர்க்கைதிகள் மட்டுமல்லர். கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளர் அவர்களினும் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர் 70,000க்கும் மேற்பட்டோர் எனவும், அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் எனவும் ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். மாண்ட கைதிகளுள் ஏறத்தாழ ஏழாயிரவர்க்குக் காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் தனித்தனி நடுகல் உண்டு. நம்மவர்க்கு அவ்வாறில்லை. படத்திலும் தமிழ்த் தொழிலாளர் ஒருவரும் பாத்திரமாக இடம்பெறவில்லை. மூல நாவலை எழுதிய பியர் பூல், போருக்கு முன் மலாயா ரப்பர் தோட்டத்தில் பணிபுரிந்தவர் என்பது இவ்விடத்தில் நோக்கத்தக்கது.

திரைப்படம் வரலாற்று நூலன்று. ஒவ்வொரு விடுபாட்டையும் குற்றமாகக் கொள்ளலாகாது என்பர் சிலர். அவ்வாதம் பெரிதும் ஏற்புடையதே. 'ரிவர் குவாய்' இரு அதிகாரிகளின் தறுகண்மை மோதலைக் காட்ட வந்த படம். அதன் மெய்ப்பாடு பெருமிதம். அந்நோக்கில் அது வென்ற படம் என்பதில் ஐயமில்லை. குறை வேறிடத்தில் உள்ளது. மீண்டு வந்த பிரிட்டிஷ் வீரரின் கருத்து பதிவாயிற்று. மீண்டு வந்த தோட்டத் தொழிலாளியின் கருத்தை எவரும் கேட்டு வைக்கவில்லை. அத்தொழிலாளருள் ஒருவர் இப்படத்தைக் கண்டிருப்பின் என்ன சொல்லியிருப்பார் என்ற வினாவை நாமும் அரிதாகவே எழுப்பியிருக்கிறோம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அவ்வாழ்வை எழுத்தில் நிறுத்தியுள்ளன. கதைத் திரைப்படம் அவ்வளவு தூரம் வரவில்லை.

பினாங்கிலேயே படமாகத் தக்க நிகழ்ச்சிகள் உள்ளன. 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் குண்டுவீச்சுக்கு உள்ளானது. பிரிட்டிஷார் ஐரோப்பியரை மட்டும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக வெளியேறினர். அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மா. சரவணமுத்து, கோர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி, நகரில் படையினர் இல்லை என வானொலி வாயிலாக அறிவித்தார். பெருமிதம், அச்சம், இளிவரல் ஆகிய மூன்றும் கலந்த அக்காட்சி இன்னும் திரைக்காகக் காத்திருக்கின்றது.

முடிவுரை

இசைப்படத்தைக் காண்போர் தம் கேள்வியறிவாலும், அசைவூட்டத்தைச் சிறுசெயலின் மெய்ம்மையாலும், போர்ப்படத்தைத் தம் நினைவாலும் அளக்கின்றனர் என்பது இதுகாறும் கூறியவற்றால் புலப்படும். முதலிரண்டிலும் நம் மக்கள் தயங்காமல் கருத்துரைக்கின்றனர். மூன்றாவதில் பிறர் போரைக் கண்டு கண்ணீர் விடும் அவர்கள், தம் போரைப் பற்றி வினவப்படாமையால் வாளா இருக்கின்றனர்.

இக்குறையைப் போக்குவதில் தமிழாசிரியர்க்குப் பங்குண்டு. 1941இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். காலம் மிகச் சிறிதே எஞ்சியுள்ளது. மாணவர்க்கு அளிக்கும் திரைப்பட ஒப்படைப்புகளில், வீட்டிலுள்ள முதியோருடன் அமர்ந்து படத்தைக் கண்டு, எந்தக் காட்சியில் அவர் என்ன கூறினார் என்பதை அவர் சொற்களிலேயே எழுதி வருமாறு பணிக்கலாம். படம் பற்றிய தம் தீர்ப்பை மாணவர் அதன்பின் எழுதட்டும். மெய்ப்பாட்டியலை மனனம் செய்யும் மாணவர்க்கு அவ்வியலின் பயன் அப்போது விளங்கும். இந்நாட்டின் போரைத் திரையில் எழுத முன்வரும் இளைஞர்க்கும் அவ்வேடுகள் முதற்சான்றாக அமையும்.