ஒரு நாவலின் நாள்

ஜூன் 16 வந்தால் டப்ளின்வாசிகள் பலர் வைக்கோல் தொப்பியோடு தெருவில் இறங்கிவிடுவார்கள். ஜேம்ஸ் ஜாய்ஸின் 'யுலிஸஸ்' நடப்பது 1904-இல் அந்த ஒரே நாளில். அதன் நாயகன் லியோபோல்ட் புளூம் நடந்த வழியில் நடந்து, ஸ்வெனி மருந்துக்கடையில் அவன் வாங்கிய எலுமிச்சை சோப்பைத் தாங்களும் வாங்கி முகர்ந்து பார்ப்பார்கள். 1954-இல் சில எழுத்தாள நண்பர்கள் குதிரை வண்டியேறித் தொடங்கிவைத்த வழக்கம் இது. சிலைக்கு மாலை போடுவதைவிட இது எவ்வளவு நல்ல மரியாதை!

திருவனந்தபுரத்துக்கும் அப்படியொரு நாவல் தமிழில் இருக்கிறது: நீல பத்மநாபனின் 'பள்ளிகொண்டபுரம்' (1970). ஐம்பதாவது பிறந்தநாளில் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் அனந்தன் நாயரின் இரண்டே நாட்கள். பிரிந்துபோன மனைவியின் நினைவு கூடவே வருகிறது. தெருக்கள் அவர் மனதைக் கிளறுகின்றன. இந்த ஊர் வெறும் பின்னணியாக நிற்பதே இல்லை.

இந்த நாவலுக்கும் ஒரு நடை வேண்டும். விடியலில் கோயிலின் கிழக்குநடை, பத்மதீர்த்தக் குளக்கரை, கோட்டை வாசல் தாண்டினால் எழுத்தாளர் ஆ. மாதவன் கடை வைத்திருந்த சாலைக் கடைத்தெரு. புத்தகத்தோடு பத்துப் பேர் வந்தால் போதும், தொடங்கிவிடலாம்.